வயசான நாய் உள்ள வீடு

தண்ணீர்க் கிண்ணத்தை நாயின் மூக்குக்கு நேராக நகர்த்தி வைத்துவிட்டு, மெக்கானிக் தானும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். தண்ணீரின் மட்டம் அவர் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. அதில் ஒரு சலனமும் இல்லை. கிண்ணத்துக்கு அந்தப் பக்கம் நாயின் மூக்கு, காய்ந்துபோய், பழைய ரப்பர் வாஷர் மாதிரி இருந்தது.

"குடிச்சானா?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"பார்த்துக்கிட்டிருக்கேன்."

"நீங்க பார்த்தா குடிச்சிடுவானா?"

அவர் விரலைத் தண்ணீரில் நனைத்து நாயின் உதட்டில் தடவினார். அது நாக்கை நீட்டவில்லை. கோபமில்லாமல் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

இதே நாய்தான் சில மாதங்களாகக் கண்ணில் பட்ட தண்ணீரையெல்லாம் குடித்துத் தீர்த்தது. கிண்ணம் போதவில்லை என்று வாளி வைத்தார்கள். வாளியும் போதாமல் பூந்தொட்டிக்கு அடியில் இருந்த தட்டை நக்கியது. துணி துவைக்கும் மெஷினின் குழாய் முனையில் எப்போது சொட்டும் என்று காத்துக் கிடந்தது. மெக்கானிக் குளித்துவிட்டு வந்தால் கணுக்காலில் வழிகிற ஈரத்தைக்கூட விடாது. குடித்ததை வீடு முழுக்க விட்டும் வைத்தது. இத்தனை தண்ணீரும் எங்கேதான் போகிறது என்று முதலில் அவருக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு எலும்பு தெரியத் தொடங்கியது. வேடிக்கை போய்விட்டது.

சிறுநீரகம் என்றார் டாக்டர். ஸ்கேனில் இரண்டுமே அளவுக்கு மீறிச் சிறியவையாகத் தெரிகின்றன என்றார். அன்றிலிருந்து திரைச்சீலைக் கம்பியில் மருந்துநீர்ப் பையைத் தொங்கவிட்டு, நாயின் தோளுக்குப் பின்னால் தோலைக் கூடாரம் மாதிரித் தூக்கிப் பிடித்து, ஊசியை ஏற்றக் கற்றுக்கொண்டார்கள். அவர் குத்துவார். அவள் பிடித்துக்கொள்வாள். "தண்ணி குடிக்கிறதையும் நிறுத்திட்டான்னா யோசிக்காம கூட்டிட்டு வந்திடுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னும் இரண்டு வயதுகூட ஆகாத நாய்.

மனைவி ஈரக் கையோடு வந்து கிண்ணத்தைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள்.

"வண்டியை எடுங்க" என்றாள்.

அவள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எத்தனை மணி நேரம் தாமதமானாலும், பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துவதாகச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு பிசிறு தட்டாது. வீட்டிலும் பெரிய விஷயம் எதுவானாலும் அந்தக் குரல்தான் வரும். வண்டியை எடுக்கச் சொன்னதும் அதே குரலில்தான்.

நாய்க்கு அவர்கள் வைத்த பெயர் அவசரம். குட்டியாக வந்த அன்றே கதவு திறப்பதற்குள் கதவில் முட்டியது, சாப்பாடு தட்டில் விழுவதற்குள் தட்டில் விழுந்தது. "என்ன அவசரம், என்ன அவசரம்" என்று அவள் அதட்டி அதட்டி, அதுவே பெயர் என்று அது நினைத்துக்கொண்டது. பெயரால் தொல்லையும் வந்தது. ஒருநாள் பூங்காவில் அது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, மெக்கானிக் "அவசரம்! அவசரம்!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் ஆம்புலன்ஸுக்கே போன் போட்டுவிட்டார்.

கம்பெனி வேனில் கம்பிச் சுருள்களையும் கருவிப் பெட்டியையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, அவள் நாயை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்டைப் பார்க்கப் போனால், மற்ற மெக்கானிக்குகள் ஓட வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்கள். இவர் ஓட வைத்த பிறகும் கிளம்ப மாட்டார். ஏன் நின்றது என்று தெரிந்தாக வேண்டும். அதற்காக இருட்டுக் குழிக்குள் டார்ச்சோடு இறங்கி உட்கார்ந்திருப்பார். "ஓடுதுல்ல சார், விடுங்க" என்று மேலே இருந்து வாட்ச்மேன் கெஞ்சுவார்.

வேனை ஓட்டும்போதும் அவர் தலைக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஏன்? என்ன கொடுத்தோம், எதைக் கொடுக்காமல் விட்டோம்? இல்லை, ஆரம்பத்திலேயே ஏதாவதா?

ஆஸ்பத்திரியில் மேஜை வேண்டாம் என்றாள் மனைவி. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நாயை மடியில் போட்டுக்கொண்டாள். டாக்டர் சின்ன வயசுக்காரர். மறுபேச்சுப் பேசாமல் தானும் தரையில் உட்கார்ந்து, முன்னங்காலில் ஒரு கீற்று முடியை மழித்தார்.

"முதல் ஊசியில தூங்கிடுவான். ரெண்டாவதுதான்…"

"சரி" என்றாள்.

அவள் குனிந்து நாயின் காதுக்குள் ஏதோ சொன்னாள். நீளமாகவே சொன்னாள். மெக்கானிக் இரண்டடி தள்ளித்தான் நின்றார். ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் போலவும் இருந்தது, கேட்கக் கூடாது போலவும் இருந்தது. நாயின் காது ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. பிறகு அதன் விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறியது, இறங்கியது, பிறகு ஏறவில்லை.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். வெளியே காத்திருந்த யாருடைய பூனையோ கூடைக்குள்ளிருந்து கத்தியது. மெக்கானிக் சுவரில் இருந்த கண் பரிசோதனைப் படத்தை, அது நாய்களின் கண்ணைப் பற்றியது என்பதுகூடப் புரியாமல், மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு கேட்டுவிட்டார்.

"டாக்டர், இது எதனாலன்னு தெரிஞ்சுக்க முடியுமா?"

"பிறவிக் கோளாறா இருக்கும்னுதான் தோணுது. ஆனா தோணுறது வேற. உள்ள திறந்து பார்த்து, கொஞ்சம் சதையை லேபுக்கு அனுப்பினா உறுதியாச் சொல்லலாம்."

"வேண்டாம்" என்றாள் மனைவி.

"ஒரு நிமிஷம், அவரு என்ன சொல்றாருன்னா…"

"உங்களுக்கு இவனும் ஒரு லிஃப்டு. அப்படித்தானே? நின்னு போச்சுன்னா கழட்டிப் பார்க்கணும்." குரல் ஏறவே இல்லை. அதுதான் அவருக்கு உறைத்தது.

டாக்டர் இருவரையும் பார்க்காமல் கையுறையைக் கழற்றினார். "அவசரமே இல்ல. யோசிங்க. இவன் பிறந்த வீட்டுக்குச் சொல்லிட்டீங்களா?"

சொல்லவில்லை. யாருக்குமே தோன்றவில்லை.

அந்த வீட்டுக்காரியை அவர்கள் தங்களுக்குள் இன்ஸ்பெக்டரம்மா என்றுதான் சொல்வார்கள். அவ்வளவு விசாரணை. நாய் வாங்கப் போனவர்களை உட்கார வைத்து, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், மாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம், இதற்கு முன் வளர்த்த நாய் எப்படிச் செத்தது என்று துருவித் துருவிக் கேட்டார். முதல் தடவை குட்டியைக் கொடுக்கவே இல்லை. போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். "வேலைக்குச் சேரும்போதுகூட என்னை யாரும் இவ்வளவு கேக்கல" என்று மனைவி வழி நெடுகப் பொருமிக்கொண்டே வந்தாள். அடுத்த வாரம் அவள்தான் முதலில் கிளம்பினாள்.

கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கேட்ட மனுஷி எப்படி ஓட்டைச் சிறுநீரகத்தோடு ஒரு குட்டியைக் கொடுத்தார்? ஒன்று, அந்தக் கேள்வியெல்லாம் வெறும் வேஷம். இல்லையென்றால், தனக்குப் புரியாதது ஏதோ இதில் இருக்கிறது. எது என்று தெரிந்துகொள்ளாமல் மெக்கானிக்கால் இருக்க முடியவில்லை. நடையில் போய் நின்று போன் போட்டார்.

என்ன பதில் வரும் என்று அவருக்கு ஓரளவு தெரியும். அவருடைய கம்பெனியில் புகார் வந்தால் சொல்கிற பதில்தான். எங்ககிட்டேருந்து போகும்போது நல்லாத்தான் இருந்துச்சு.

அவர் நடந்ததைச் சொல்லி முடித்தார். பின்னணியில் குழந்தைகள் கூச்சல் போடுவதும் தண்ணீர் தெறிப்பதும் கேட்டன. இன்ஸ்பெக்டரம்மா நீச்சல் கற்றுக்கொடுப்பவர்.

"தண்ணி நிறைய குடிச்சானா?" என்று கடைசியில் கேட்டார்.

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"கோடைக்கு முன்னாடியே. நாங்க வெயில்னு நினைச்சோம்."

"ஒல்லியா இருந்தானா? வாயில ஒரு மாதிரி வாடை?"

"ஆமா."

"புதைச்சிடலையே இன்னும்?"

"இல்ல, ஆஸ்பத்திரியிலதான்…"

"எந்த ஆஸ்பத்திரி? நான் வரேன்."

வந்தும் விட்டார். ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கழுத்தில் விசில் தொங்க, செருப்பு தரையில் தப்தப்பென்று அடிக்க உள்ளே நுழைந்தார். மேலெல்லாம் குளோரின் வாடை. வாசலிலேயே நின்றுகொண்டார்.

"நான் அவனைப் பார்க்கலாமா?" என்று மனைவியைத்தான் கேட்டார்.

மனைவி நாயின் மேல் போர்த்தியிருந்த துணியைச் சரிசெய்தாள். பிறகு, "எங்களை அவ்வளவு கேள்வி கேட்டீங்களே. உங்களை யாரு கேட்டாங்க?" என்றாள்.

இன்ஸ்பெக்டரம்மா துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"யாரும் கேக்கல. நீங்க கேளுங்க."

"இவனோட அம்மாவுக்கு இந்த வியாதி இருக்கா?"

"இல்ல. நல்லா இருக்கா."

"அப்பாவுக்கு?"

"அவனும் நல்லா இருக்கான். இடுப்பு எலும்பு, கண்ணு, இருதயம், எல்லாம் ரெண்டு பேருக்கும் பார்த்துட்டுத்தான் சேர்த்தேன். சிறுநீரகம் பார்க்கல. பார்க்கணும்னு தோணவே இல்ல. என் வீட்டு நாய் யாருக்கும் வந்ததில்ல. எனக்குத் தெரிஞ்சு வந்ததில்ல" என்று திருத்திக்கொண்டார். "சின்ன வயசுல ஏதாவது செத்து, யாராவது என்கிட்ட சொல்லாம விட்டிருந்தா எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொன்னீங்க. அதான் வந்தேன்."

மனைவி அவரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். துணியை நாயின் முகத்திலிருந்து விலக்கினாள்.

இன்ஸ்பெக்டரம்மா மண்டி போட்டு உட்கார்ந்தார். தலையைத் தொடவில்லை. முன்னங்கால் ஒன்றை எடுத்து, விரல்களுக்கு நடுவே தன் கட்டைவிரலை வைத்துக்கொண்டார்.

"மஞ்சள்" என்றார்.

"என்ன?"

"குட்டியில எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அடையாளத்துக்குக் கழுத்துல கலர் நூல் கட்டுவேன். இவன் மஞ்சள். முதல்ல பிறந்தவன் இவன்தான். அவங்கம்மா படுத்து வசதி பண்ணிக்கிறதுக்குள்ள வெளிய வந்துட்டான்."

மனைவியின் வாயோரம் ஏதோ அசைந்தது. "அப்பவே அப்படியா?"

"அப்பவே அப்படித்தான். கண்ணு திறக்காத குட்டி, எல்லாத்து மேலயும் ஏறி மிதிச்சுட்டு முன்னாடி போய் நிப்பான். போற அவசரத்துல அம்மாவைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்துடுவான். அப்புறம் அங்கேருந்து ஒரு அழுகை."

"பால் நிறைய குடிப்பானா?"

"குடிப்பான். ஆனா கொஞ்சம் கொஞ்சமா. குடிச்சிட்டு என் கால்மேல வந்து படுத்துப்பான்."

"கால்மேலயா! இங்கயும் அதான். சமைக்க விடமாட்டான். பாதத்து மேல உக்காந்துப்பான்." மனைவி நகர்ந்து இடம் விட்டாள். "அப்புறம்?"

மெக்கானிக் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை மாதங்களில் அவர் நாயின் ரத்தத்தில் என்ன இருக்கிறது, சிறுநீரில் என்ன போகிறது என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். அது தங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் என்ன செய்தது என்று கேட்கத் தோன்றவில்லை. அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். இடிக்குப் பயந்தானா? முதலில் குரைத்தது எதைப் பார்த்து? மற்றக் குட்டிகள் எல்லாம் எங்கே? இன்ஸ்பெக்டரம்மா சொல்லிக்கொண்டே வந்தார். கடைசிக் கேள்வியில் தடுமாறினார்.

"மத்தவங்க எல்லாருக்கும் வர்ற வழியிலேயே போன் பண்ணிட்டேன். ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கேன்." விசிலைக் கையில் உருட்டினார். "அதே அம்மா, அதே அப்பா. மறுபடி போட்டிருக்காங்க. வீட்ல இப்ப குட்டிங்க இருக்கு. இந்த வாரம் வந்து எடுத்துட்டுப் போறதாப் பேச்சு. இவனுக்கு வந்தது பிறவிக் கோளாறுன்னா, ரெண்டு பேர் ரத்தத்துலயும் அது ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம். அந்தக் குட்டிங்களுக்கும் வரலாம். இல்ல, எலி மருந்து, ஏதாவது கிருமி, அப்படின்னா வேற. எது என்னன்னு இவனைத் திறந்து பார்த்தாத்தான் தெரியும். உங்க நாயை வெட்டிப் பார்க்கணும்னு கேக்கறதுக்கு எனக்கு வாய் வரல. கேக்காம போகவும் முடியல."

மனைவி நாயின் காதை விரலால் நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். மெக்கானிக் வாயைத் திறந்தார். அவள் கையைத் தூக்கி அவரை நிறுத்தினாள்.

"டாக்டர்" என்றாள். "பார்த்துட்டு, திரும்ப நல்லாத் தைச்சிடணும். கோணி தைக்கிற மாதிரி தைக்கக் கூடாது."

"கண்டிப்பா. நானே தைப்பேன்."

"நான் வெளிய இருக்கேன். இவரு உள்ள வருவாரு. இவருக்குப் பார்க்கணும்."

டாக்டர் நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். இன்ஸ்பெக்டரம்மா பின்னால் போனார். மெக்கானிக் கதவுவரை போனார். உள்ளே எஃகு மேஜை, மேலே வளைந்து தொங்கும் விளக்கு, தட்டில் வரிசையாகக் கருவிகள். எல்லாம் அவருக்குப் பழக்கமான ஒழுங்கில்தான் இருந்தன. இந்த ஒரு பதிலுக்காகத்தான் அவர் மாதக்கணக்கில் தவித்தார். டாக்டர் விளக்கைப் போட்டார். மெக்கானிக்கின் கால் நிலைப்படியைத் தாண்டவில்லை. தாண்டச் சொல்லிப் பார்த்தார். தாண்டவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா திரும்பிப் பார்த்தார். "நீங்க இருங்க. நான் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று கதவைச் சாத்தினார்.

நடையில் மனைவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏன் வந்துவிட்டீர்கள் என்று அவள் கேட்கவில்லை. பூனைக்காரர் உள்ளே போய்விட்டிருந்தார். காலி நாற்காலிகள். கதவுக்குப் பின்னால் டாக்டரின் குரல் "இங்க பாருங்க" என்றது. பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு இன்ஸ்பெக்டரம்மாவின் குரல், மிகவும் மெதுவாக, "அய்யோ கண்ணா" என்றது.

டாக்டர் வந்து அவர்களுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"லேப் ரிசல்ட் வரட்டும். ஆனா கண்ணாலயே தெரியுது. வியாதி வந்து கெட்டுப்போனது இல்ல. வளரவே இல்ல. உடம்பு வளர்ந்துச்சு, அது மட்டும் குட்டிக்கு இருக்கிற அளவிலேயே நின்னு போச்சு. அத்தனூண்டை வெச்சுக்கிட்டு இவ்வளவு நாள் ஓடியிருக்கான்."

"முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?" என்றாள் மனைவி.

"முன்னாடியே கவலைப்பட ஆரம்பிச்சிருப்பீங்க. அவ்வளவுதான்."

இன்ஸ்பெக்டரம்மா வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. குளத்துத் தண்ணீரால் எப்போதுமே அப்படித்தானோ என்னவோ. ஜன்னலோரம் போய் நின்று போனை எடுத்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்.

"இந்த வாரம் வராதீங்க. என் குட்டிங்களோட அண்ணன் ஒருத்தன் இன்னிக்குச் செத்துட்டான். சிறுநீரகம். உங்களுக்குன்னு வெச்சிருந்த குட்டிக்கும் இருக்கலாம். பரிசோதனை முடியற வரைக்கும் கொடுக்கமாட்டேன்… இல்ல, அது நல்லாத்தான் விளையாடுது. இவனும் நல்லாத்தான் விளையாடினான்."

மறுபக்கத்தில் யாரோ கத்துவது நாற்காலிவரை கேட்டது. போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்து, கத்தி முடிக்கும்வரை காத்திருந்து, "சரி" என்றார். அடுத்த எண்ணை அழுத்தினார். மறுபடி முதலிலிருந்து. சொல்லை மாற்றவில்லை, சுருக்கவும் இல்லை. மனைவி தலையைச் சாய்த்து அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் எந்த இடத்தில் மூச்சு முட்டும் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து போய், தண்ணீர்க் குவளையை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

மாலையில் வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டினார் மெக்கானிக். டாக்டர் தன் சொல்லைக் காப்பாற்றியிருந்தார். பொடிப்பொடியான, சீரான தையல். மனைவி அதை ஒருமுறை பார்த்து, சரி என்பதுபோல் தலையசைத்துவிட்டுத் துணியை மூடினாள். மண் கெட்டியாக இருந்தது. பாதியில் அவள் மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"ஏன் உள்ள போகல நீங்க?" வெட்டிக்கொண்டே கேட்டாள்.

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"தெரியல" என்றார்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் அதிகம் கேட்டதில்லை. மறுபடி வெட்டத் தொடங்கினாள்.

லேப் முடிவும் டாக்டர் சொன்னதையே சொன்னது. இன்ஸ்பெக்டரம்மா அவ்வப்போது போன் பண்ணினார். பேச்சு வளவளவென்று இருக்காது. தாய்க்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்தாகிவிட்டது. பழைய குட்டிகளில் இன்னொன்றுக்கும் கோளாறு இருக்கிறது. புதுக் குட்டிகளில் ஒன்றுக்கு இருப்பதாகச் சந்தேகம், அதைத் தானே வைத்துக்கொண்டார். "என்ன சொன்னாங்க?" என்று மனைவி கேட்பாள். அவர் சொல்வார். கொஞ்ச நாளில் போன் வந்தால் அவளே எடுக்கத் தொடங்கினாள்.

மழை ஆரம்பித்த சமயத்தில் ஒருநாள், வேலை முடிந்து வந்தவள் குடையை விரித்து வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தம்மாகிட்ட கேளுங்களேன்."

"என்னன்னு?"

"சும்மாதான். நல்ல இடம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு."

"இன்னொண்ணு வேணுமா உனக்கு?"

"வேணும்னு சொன்னேனா? எப்படின்னு கேட்டேன்." குடையின் கம்பி ஒன்றை நிமிர்த்தினாள். "உங்களுக்கு மட்டும்தான் தெரிஞ்சுக்கணுமா?"

அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்கிட்ட இனிமே குட்டி கிடையாது" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "ஆனா ஒண்ணு சொல்றேன். போற இடத்துல குட்டியைப் பார்க்காதீங்க. எல்லாக் குட்டியும் அழகாத்தான் இருக்கும். கிழட்டு நாய் இருக்கான்னு பாருங்க. அதோட பேரன் பேத்தியெல்லாம் என்ன ஆச்சுன்னு கேளுங்க. எது எப்படிச் செத்துச்சுன்னு கேளுங்க. பேச்சை மாத்தறவங்க வீட்ல டீ கூட குடிக்காதீங்க."

முதலில் போன இடத்தில் கேட்டுக்கு உள்ளேயே விடவில்லை. கூடையில் குட்டியைக் கொண்டுவந்து நீட்டினார்கள். தாய் எங்கே என்றால், தூங்குகிறது என்றார்கள். இன்னொரு இடத்தில் பளிங்குத் தரை, சுவரெல்லாம் கோப்பைகள். இதுவரை என்னென்ன நோய் வந்திருக்கிறது என்று மனைவி கேட்டாள். "நோயா? எங்க நாய்க்கெல்லாம் நோயே வராதும்மா" என்று சிரித்தார் அந்த ஆள். மெக்கானிக் ஷூவைக் கழற்றுவதற்குள் அவள் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரைப் பற்றி டாக்டர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார்கள். கடைக்கோடித் தெரு. சின்ன வீடு. கதவு திறந்தே கிடந்தது. நிலைப்படிக்குக் குறுக்கே, மூக்கெல்லாம் நரைத்த நாய் ஒன்று படுத்திருந்தது. இவர்களைக் கண்டு எழுந்திருக்கவில்லை. காற்றை மட்டும் மோந்தது.

"தாண்டி வாங்க, தாண்டி வாங்க. அவளுக்குக் கண்ணு தெரியாது, எழுப்பினா திட்டுவா" என்று உள்ளேயிருந்து சமையல்காரர் சொன்னார்.

அவருக்கும் கேட்பதற்கு நிறைய இருந்தது. கேட்டு முடித்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "முதல்ல கெட்ட சேதியெல்லாம் சொல்லிடறேன். இவளோட குட்டி ஒண்ணுக்குக் காது கேக்காது. ஒரு பேரன் இருதயத்துல போயிட்டான். அதுலேர்ந்து அந்தப் பக்கத்து சம்பந்தமே நிறுத்திட்டேன். சிறுநீரகம் எல்லாருக்கும் பார்த்திருக்கேன். நாளைக்கு எதுவும் வராதுன்னு எழுதிக் கொடுக்க முடியாது. இப்போ குட்டியும் இல்ல. அடுத்த வருஷம் இருக்கலாம். இல்லாமலும் போகலாம்."

மெக்கானிக்கிடம் கேள்விகள் தயாராக இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். சமையல்காரர் சலிக்காமல் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். பேச்சு சுவாரசியத்தில், மனைவி எப்போது எழுந்து போனாள் என்பதை அவர் கவனிக்கவில்லை.

அவள் வாசலில், தரையில் உட்கார்ந்திருந்தாள். கிழட்டு நாய் எப்படியோ நகர்ந்து வந்து, தன் மோவாயை அவள் பாதத்தின் மேல் வைத்திருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் அதன் நரைத்த மீசை மயிர் ஒன்று மட்டும் ஆடியது. வெயில் நிலைப்படியைத் தாண்டி அவள் முழங்கால்வரை வந்துவிட்டிருந்தது.

"கிளம்பலாமா?" என்றார் மெக்கானிக், செருப்பை மாட்டிக்கொண்டே.

அவள் உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

"கொஞ்சம் இருங்க" என்றாள், காலை அசைக்காமல். "இப்பதான் தூங்குது."